கிணறு கறுத்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், கென்டக்கி எல்லையை ஒட்டி மிங்கோ என்றொரு கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி, இருக்கிறது. அங்கே ரால், லிக் க்ரீக், ஸ்ப்ரிக், மெரிமாக் என்று பக்கத்துப் பக்கத்தில் நாலு சிற்றூர்கள். இரண்டு மலைக்கு நடுவே ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு ரோடு, ரோட்டை ஒட்டி வரிசையாக வீடுகள். இப்படிப்பட்ட இடுக்குப் பள்ளத்தாக்கை அங்கே ‘ஹாலர்’ என்பார்கள். வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு. 1978 முதல் 1987 வரை, நிலக்கரியைக் கழுவியபின் மிஞ்சும் கறுப்புக் குழம்பு சுமார் 140 கோடி காலன் அளவுக்கு அந்தப் பகுதியின் பழைய சுரங்கங்களுக்குள் செலுத்தப்பட்டது. கிணற்று நீர் ஒரு நாள் ஆரஞ்சாக வந்தது, ஒரு நாள் கறுப்பாக வந்தது. குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். வெள்ளைத் துணியைத் துவைத்தால் பழுப்பேறியது.

இப்போது கேள்வி. அந்த ஹாலரில் இருபது குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். பாதிப் பேர் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் அல்லது அவர்களின் சொந்தக்காரர்கள். வாரத்துக்கு ஒரு சாயங்காலம்தான் கூடிப் பேச முடியும். கையில் காசு இல்லை. வாஷிங்டனுக்குப் போவதா, மாநிலச் சட்டமன்றத்துக்கா, கோர்ட்டுக்கா, உள்ளூர் குடிநீர் வாரியத்துக்கா? எல்லாவற்றையும் செய்யலாமே என்பது தூரத்தில் உட்கார்ந்து சொல்கிற யோசனை. அப்பலாச்சிய மலைப்பகுதி மக்கள் கடந்த முப்பது வருடத்தில் இந்த நாலு கதவுகளையும் தட்டிப் பார்த்துவிட்டார்கள். எது எவ்வளவு திறந்தது என்பதற்குப் பொது ஆவணங்களே சாட்சி. அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

ஒப்பிட நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் மூன்று. குடிக்கத் தண்ணீர் எப்போது வரும்? ஆட்சி மாறினால் கிடைத்தது நிலைக்குமா? இருபது குடும்பத்தால் தாங்குமா?

வாஷிங்டன்

படம் பிடிக்க ஏற்ற வழி இதுதான். 2000-களின் நடுவிலிருந்து, மலையுச்சியை வெட்டி நிலக்கரி எடுக்கும் முறைக்கு எதிராக அப்பலாச்சியக் கூட்டமைப்பு ஒன்று ஆண்டுதோறும் மக்களைத் தலைநகருக்குக் கூட்டிப்போனது. கண்ணாடி ஜாடியில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, நீண்ட நடைபாதைகளில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார்கள். பெரும்பாலும் உறுப்பினரைப் பார்க்க முடியாது. கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருடமான உதவியாளர் ஒருவர் கால் மணி நேரம் கேட்டு, குறிப்பெடுத்துக்கொண்டு, கார்டு கொடுத்து அனுப்புவார்.

அவர்கள் கேட்டது சின்ன விஷயம் போலத் தெரியும். 1972-ன் சுத்தநீர்ச் சட்டப்படி ஓடையில் கழிவைக் கொட்டக் கூடாது, ‘நிரப்புப் பொருள்’ கொட்ட அனுமதி வாங்கலாம். மலையை வெடித்துத் தள்ளும் கல்லும் மண்ணும் கழிவா, நிரப்புப் பொருளா? 2002-ல் அரசு ஒரு விதித் திருத்தத்தால் அதை நிரப்புப் பொருள் ஆக்கிவிட்டது. ஒரு வார்த்தைதான். அதற்குப்பின் பள்ளத்தாக்கை மூடுவது சட்டப்படி சுலபமாயிற்று. அந்த வார்த்தையைத் திருப்பி மாற்றச் சொல்லும் மசோதா அதே வருடம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் மறுபடி மறுபடி தாக்கலானது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்ட காலமும் உண்டு. ஆனாலும் சட்டமாகவே இல்லை.

விதி வழியாகவும் முயன்றார்கள். ஓபாமா அரசு ஏழு வருடம் உழைத்து, ஓடைப் பாதுகாப்பு விதியை 2016 டிசம்பரில் வெளியிட்டது. 2017 ஜனவரி 19 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மறுநாள் புதிய அதிபர் பதவியேற்றார். பிப்ரவரி 16 அன்று ஒரே கையெழுத்தில் விதி போய்விட்டது. அதை ரத்துசெய்யப் பயன்பட்ட சட்டத்தில் இன்னொரு கொக்கி உண்டு: ஏறக்குறைய அதே மாதிரியான விதியைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மறுபடி சட்டமியற்றி இடம் கொடுக்காமல் எந்தத் துறையும் கொண்டுவர முடியாது. ஏழு வருடத்துக்கு நாலே வாரம். ஜாடி தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

சரி, வாஷிங்டன் வீண் என்று சொல்லிவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2021-ஐப் பார்க்கும்வரை. 1977-ன் சுரங்கச் சட்டம் நிலக்கரி டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வைத்து, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீர்செய்ய ஒரு நிதி உண்டாக்கியிருக்கிறது. சுரங்கத்தால் கிணறு கெட்ட ஊருக்குக் குடிநீர்க் குழாய் போடவும் அந்தப் பணம் பயன்படும். அதை வேகமாக வெளியே விடுங்கள் என்று 2015 வாக்கில் கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலையூர்க்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இந்தத் தடவை போன விதம் வேறு. ஜாடியோடு போவதற்கு முன், தங்கள் ஊர் நகரமன்றத்தையும் கவுண்டி மன்றத்தையும் தீர்மானம் போட வைத்தார்கள். 2016-ல் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் கிழக்குக் கென்டக்கியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹால் ரோஜர்ஸ், நிலக்கரித் தொழிலின் பழைய நண்பர். அந்த மசோதாவும் அப்படியே சட்டமாகவில்லை. ஆனால் 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் கைவிட்ட சுரங்கங்களுக்கென்று 1,130 கோடி டாலர் வந்து உட்கார்ந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது கொஞ்சம் கசப்பானது. வாஷிங்டனில் தடை கேட்டால் பத்து வருடம் போகும், கிடைத்தாலும் பறிபோகும். பணம் கேட்டால், அதுவும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் தன் தொகுதியில் கல்வெட்டு வைக்க இடம் இருக்கிற மாதிரி கேட்டால், கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு எச்சரிக்கை: இந்த நிதி முக்கியமாக 1977 ஆகஸ்டுக்கு முன் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கானது. அதற்கப்புறம் கெடுத்தவன் தானே சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். கெடுத்தவன் திவாலானால் அது வேறு கதை.

மாநிலத் தலைநகர்

மேற்கு வர்ஜீனியா சட்டமன்றம் வருடத்துக்கு 60 நாள்தான் கூடும், பெரும்பாலும் ஜனவரி தொடங்கி மார்ச்வரை. நடுக்குளிர். மலைரோட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டனுக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு வசதி உண்டு. அங்கே உறுப்பினரையே வழிமறித்துப் பேசலாம். அவர் ஆசிரியராகவோ இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாகவோ இருப்பார், உங்கள் பெரியம்மா வீட்டைத் தெரிந்தவராகவும் இருப்பார். வாஷிங்டன் நடைபாதையில் கிடைக்காத சலுகை இது.

கழிவுக் குழம்பை நிலத்தடியில் செலுத்துவதை எதிர்த்து ரால், ப்ரென்டர் போன்ற ஊர்க்காரர்கள் இந்த வழியில் போனார்கள். 2007-ல் சட்டமன்றம் ஒரு ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2009-ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. முழுத் தடைச் சட்டம் வரவில்லை. இருந்தாலும் அதிகாரி நிறுத்திவைத்த உத்தரவு ஒன்று கையில் கிடைத்தது, அதுவும் இரண்டே வருடத்தில். வாஷிங்டன் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மின்னல்.

பக்கத்துக் கென்டக்கியில் கதை இன்னும் மெதுவாகப் போனது. பிப்ரவரி 14 காதலர் தினத்தன்று ‘மலையைக் காதலிக்கிறோம்’ என்று ஆயிரம் பேர்வரை கென்டக்கித் தலைநகர் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஊர்வலம் போவார்கள். பாட்டு உண்டு, காகித இதயம் உண்டு, பேச்சு உண்டு. ஓடையை மூடக் கூடாது என்ற மசோதா மட்டும் வருடா வருடம் சட்டமன்றக் குழுவிலேயே தூங்கும். குழுத் தலைவர் பட்டியலில் ஏற்றவில்லையென்றால் ஆயிரம் பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் ஒன்றுதான். ஊர்வலத்தைக் கேலி செய்யவில்லை. பயந்து தனியாக இருக்கிற ஆளுக்குத் தன்னைப்போல் ஆயிரம் பேர் இருப்பது தெரிய வேண்டியதுதான். ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் அதனால் மாறாது.

மாநிலச் சட்டமன்றம் நிஜமாகவே ஓடிவந்து வேலை செய்த ஒரு சமயம் உண்டு. 2014 ஜனவரி 9. சார்ல்ஸ்டன் நகரத்து எல்க் ஆற்றங்கரையில் ஒரு தொட்டி கசிந்தது. உள்ளே இருந்தது நிலக்கரி கழுவப் பயன்படும் ரசாயனம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு ஒன்றரை மைல் மேலே. ஒன்பது கவுண்டிகளில் மூன்று லட்சம் பேருக்குக் குடிக்காதே, குளிக்காதே, துவைக்காதே என்று உத்தரவு. அதிமதுர வாசனை வீசும் தண்ணீர் சட்டமன்றக் கட்டடத்துக் குழாயிலும் வந்ததுதான் வித்தியாசம். ஹாலர் மக்கள் பல வருடமாக ஜாடியில் கொண்டுவந்து காட்டியது, உறுப்பினர்களின் தங்கும் விடுதிக்கே தேடி வந்தது. மார்ச்சிலேயே தொட்டிகளைப் பதிவுசெய்து சோதிக்கும் சட்டம் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. மறு வருடமே திருத்தம் வந்து பெரும்பாலான தொட்டிகளைக் கடுமையான விதிகளிலிருந்து விலக்கிவிட்டது.

ஆக, மாநிலத் தலைநகருக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். பேரிடருக்கு அடுத்த அறுபது நாளில் கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுதி மேஜை டிராயரில் வைத்திருப்பவர்களுக்கே அது பலன் தரும். கிடைத்தபின் மறு வருடமும் போய்க் காவல் காக்க ஆள் வேண்டும். இருபது குடும்பத்துக்கு இது பாரம்.

கோர்ட்டு, குறிப்பாக 60 நாள் நோட்டீஸ்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அமெரிக்கச் சுத்தநீர்ச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. கம்பெனி அனுமதியை மீறி ஓடையில் கழிவு விட்டால், அரசு சும்மா இருந்தால், சாதாரணக் குடிமகன் வழக்குப் போடலாம். அதற்கு முன் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த 60 நாளுக்குள் அரசே முறையாக நடவடிக்கை தொடங்கிவிட்டால் குடிமகன் விலகிக்கொள்ள வேண்டும். (இதைப் படிக்கிற நமக்கு ஒரு தகவல்: இந்தியாவின் 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவிலும் இதே 60 நாள் நோட்டீஸ் உண்டு. 1988 திருத்தத்தில் வந்தது. நம் ஊரில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்திருக்கிறோம்?)

இன்னொரு அழகு, ஆதாரத்தைக் கம்பெனியே எழுதித் தர வேண்டும். எந்தக் கழிவுவாயில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு மாங்கனீஸ், அமிலத்தன்மை எவ்வளவு என்று மாதாமாதம் அளந்து, காலாண்டுக்கு ஒருமுறை மாநில அரசுக்கு அறிக்கை கொடுப்பது அதன் கடமை. அவை பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

கென்டக்கியில் அப்படி ஒரு தன்னார்வக் குழு போய்ப் பார்த்தது. காகித மூட்டைகளைப் பிரித்து, எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டே வந்தபோது ஏதோ இடித்தது. ஒரு காலாண்டின் எண்கள் அடுத்த காலாண்டிலும் அப்படியே இருந்தன. தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்வரை அதே. தேதி மட்டும் வேறு. மழை பெய்த மாதத்திலும் வெயில் காய்ந்த மாதத்திலும் ஓடை ஒரு மில்லிகிராம்கூட மாறாமல் ஓடியதாக அர்த்தம். எந்த ஓடை அப்படி ஓடும்? அதைப் பார்த்து அனுமதி வழங்கும் துறையில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

2010 அக்டோபரில் இன்டர்நேஷனல் கோல் குரூப், ஃப்ரேஷர் க்ரீக் ஆகிய இரண்டு கம்பெனிகளின் மேல் 20,000-க்கும் மேற்பட்ட மீறல்களைப் பட்டியலிட்டு நோட்டீஸ் போனது. ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 37,500 டாலர்வரை அபராதம் விதிக்கலாம் என்பது அன்றைய சட்டம். கூட்டிப் பார்த்தால் 74 கோடி டாலர்வரை போகும். நோட்டீஸின் 60 நாள் முடிகிற தறுவாயில் மாநில அரசு தூக்கம் கலைந்து எழுந்தது. இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து சுமார் 6.6 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தோம் என்று கோர்ட்டில் தாக்கல்செய்தது. குடிமக்களை வெளியே தள்ளச் செய்த வேலை என்று நினைக்க எல்லாக் காரணமும் உண்டு. ஃப்ராங்க்ளின் சர்க்யூட் கோர்ட்டு நீதிபதி பிலிப் ஷெப்பர்ட் அதற்கு ஒத்துப்போகவில்லை. குடிமக்கள் அமைப்புகளையும் வழக்கில் சேர்த்துக்கொண்டார். முதல் கம்பெனியோடு 2012-ல் தனிச் சமரசம் ஆயிற்று. இரண்டாவது கம்பெனி 2014-ல் மறுபடி எண்களை நகலெடுத்ததாகப் பிடிபட்டது, ஆயிரக்கணக்கில். அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி பழைய சமரசத்தை ரத்துசெய்தார். 2015-ல் அபராதம் 60 லட்சம் டாலர் என்று முடிந்தது.

இங்கே நமக்கும் ஒரு நூல் தொங்குகிறது. ஃப்ரேஷர் க்ரீக்கின் தாய்க் கம்பெனி ட்ரினிட்டி கோல். அதை 2010-ல் வாங்கியது இந்தியாவின் எஸ்ஸார் குழுமம், 1969-ல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வேலையில் தொழில் தொடங்கிய அதே குழுமம். அந்த நோட்டீஸில் உள்ள மீறல்கள் பெரும்பாலும் அதற்கு முந்திய காலத்தவை. ட்ரினிட்டி 2013-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. கோர்ட்டு வழியின் பலவீனம் இதுதான்: ஜெயித்து வருவதற்குள் எதிராளியின் பையில் காசு இருக்காது. எல்க் ஆற்றுத் தொட்டிக்காரக் கம்பெனி, கசிவு நடந்த எட்டாவது நாளே திவால் மனு போட்டது.

மேல்முறையீட்டில் கவிழ்வதும் உண்டு. 1998-ல் மிங்கோ கவுண்டிப் பெண்மணி ஒருவர் பெயரில் போட்ட வழக்கில், ஓடையைப் பள்ளத்தாக்கோடு மூடுவது சட்டவிரோதம் என்று நீதிபதி சார்ல்ஸ் ஹேடன் 1999-ல் தீர்ப்பளித்தார். மாநிலத்தை இப்படிக் கூட்டாட்சிக் கோர்ட்டில் நிறுத்த முடியாது என்று சொல்லி 2001-ல் மேல் கோர்ட்டு அதைத் தள்ளியது. ஓடையின் நன்மை தீமைக்குள் போகவே இல்லை. ஆனால் அந்த வழக்குக்கு நடுவில் இருந்த ஸ்ப்ரூஸ் சுரங்கம் தாமதமாகிக்கொண்டே போனது. கடைசியில் 2011-ல் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் முகமையே அதன் அனுமதியில் பெரும் பகுதியைத் திரும்பப் பெற்றது. அந்தச் சுரங்கம் மூடவிருந்த பிஜன்ரூஸ்ட் ஓடை தப்பியது. தோற்ற வழக்கு பத்து வருடம் கழித்து வேலை செய்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ரால் மக்கள்? அவர்கள் 2004-ல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2011-ல் 3.5 கோடி டாலருக்குச் சமரசம். ஏழு வருடம். ஊருக்குள் குடிநீர்க் குழாய் அதற்குச் சில வருடம் முன்பே வந்துவிட்டது. அது நாலாவது கதவு.

குடிநீர் வாரியமும் கட்டண ஆணையமும்

யாரும் படம் எடுக்க வராத இடம். மடக்கு நாற்காலி, ட்யூப்லைட், மாதத்துக்கு ஒரு கூட்டம். நிகழ்ச்சி நிரலில் வால்வு பழுது, பம்ப் ரிப்பேர், பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல். ஆனால் குழாய் எந்த ஹாலர்வரை நீளும் என்று முடிவாவது இங்கேதான்.

கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியைப் பாருங்கள். 2000 அக்டோபர் 11 அன்று ஒரு கழிவுக் குழம்பு ஏரியின் அடி உடைந்து, கீழே இருந்த பழைய சுரங்கத்துக்குள் இறங்கி, மலையின் இரண்டு பக்கமும் வெளியே வந்தது. சுமார் 30 கோடி காலன். ஓடைகளில் மீன் என்று ஒன்று மிஞ்சவில்லை. வீட்டுத் தோட்டங்களில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. சுரங்கப் பாதுகாப்பு முகமை வழக்காடி முடித்தபோது அதன் அபராதம் 5,600 டாலருக்கு இறங்கியிருந்தது. ஒரு பழைய கார்கூட அந்த விலைக்கு வராது.

அந்தக் கவுண்டிக்குப் பொதுக் குழாய் இருந்தது. ஆனால் நிலக்கரி வரி வருமானம் குறையக் குறையக் குழாய் பழசாகி, சுத்திகரித்த நீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்து போனது. பில்லோடு ஒரு எச்சரிக்கையும் வரும்: இந்த நீரில் குளோரினால் உண்டாகும் துணைப்பொருள்கள் வரம்பை மீறியிருக்கின்றன, பல வருடம் குடித்தால் புற்றுநோய் அபாயம் கூடலாம். பணம் கட்டச் சொல்லும் காகிதத்தோடு குடிக்கத் தயங்கச் சொல்லும் காகிதம்.

2018 ஜனவரிக் குளிரில் தண்ணீர் நின்றுபோனது. அதே மாதம் வாரியம் கட்டணத்தை ஏறக்குறைய பாதி உயர்த்த மாநிலக் கட்டண ஆணையத்திடம் அனுமதி கேட்டது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அமைத்திருந்த குழு கோஷத்தோடு நிற்கவில்லை. இலவசச் சட்ட உதவி மையத்தின் துணையோடு அந்த மனுவில் தாங்களும் ஒரு தரப்பு என்று சேர்ந்துகொண்டது. இதன் அர்த்தம் பெரிது. பார்வையாளராக மூன்று நிமிடம் பேசிவிட்டு உட்காருபவருக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தரப்பாகச் சேர்ந்தவர் கேள்வி எழுதிக் கொடுத்தால் வாரியம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்: கடன் எவ்வளவு, கசிவு எவ்வளவு, போன மாத பம்ப் பில் எங்கே. கட்டணம் உயர்ந்தது, ஆனால் கேட்ட அளவுக்கு இல்லை. நிர்வாகத்தை வெளி ஆட்களிடம் ஒப்படைக்க ஆணையம் வற்புறுத்தியது, 2020-ல் அது நடந்தது. இன்றைக்கும் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பில் கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கதவின் குறையும் அதுதான். கிணறு இருந்தவரை தண்ணீர் இலவசம். குழாய் வந்தபின் நீங்கள் சந்தாதாரர். இன்னொன்று, குழாய் வந்ததும் ஓடையைப் பற்றிய பேச்சு ஊரில் அடங்கிவிடும். கம்பெனிகளுக்கும் இது தெரியும், குழாய்க்குத் தாராளமாக நன்கொடை கொடுத்துவிட்டு ஓடையைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும்.

என் வரிசை

தண்ணீர் ஏற்கெனவே கெட்டுவிட்டது, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். முதலில் குடிநீர் வாரியம், கைவிட்ட சுரங்க நிதியில் குழாய். கொள்கை பேசிக்கொண்டு கேன் தண்ணீர் சுமக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் குழாய்க்குக் கையெழுத்து வாங்கும் அன்றே, காலாண்டு அறிக்கைகளைக் கேட்டு மாநில அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் போக வேண்டும். குழாய் வந்து கூட்டம் கலைவதற்குள் நோட்டீஸ் தயாராக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்றால், இத்தகைய வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவை எதிர்த்தரப்பிடம் வாங்கித்தர கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதனால் ஏற்று நடத்த முன்வரும் சட்ட அமைப்புகள் அப்பலாச்சியாவில் சில இருக்கின்றன. மாநிலத் தலைநகருக்கு வருடத்துக்கு ஒரு நாள் போதும். வாஷிங்டனுக்கு வேறு ஊர்களோடு கூட்டுச் சேர்ந்து, நகரமன்றத் தீர்மானத்தோடு, பணம் கேட்க மட்டும்.

இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஓடையில் பேனா மாதிரி ஒரு மின்கடத்தல் மீட்டரை முக்கினால் ஒரு எண் வரும், நீரில் உப்புகள் கரையக் கரைய ஏறும் எண். தொடாத மலையோடையில் அது 200-க்குக் கீழே இருக்கும். 300 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் ஓடைப் பூச்சிகள் குறையத் தொடங்கும் என்று சுற்றுச்சூழல் முகமை 2011-ல் அளவு வைத்தது. மூடிய பள்ளத்தாக்கின் வாயில் ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். என்ன கலந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது, ஆய்வகத்துக்கு எப்போது பாட்டில் அனுப்ப வேண்டும் என்று சொல்லும். தேதி, மணி, முந்தின நாள் மழையா, எந்தப் பாலத்தின் கீழே, எண் எவ்வளவு, யார் எடுத்தது, கூட யார் இருந்தது. நாலு கதவிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்களிடம் என்ன பதிவு இருக்கிறது?

இன்னும் தண்ணீர் கெடாதவர்களுக்கு வேறு வரிசை. சுரங்கத்தால் வீட்டுக் கிணறு கெட்டால் மாற்று நீர் ஏற்பாடு செய்வது கம்பெனியின் கடமை என்று 1977 சட்டமே சொல்கிறது. நிலத்தடிச் சுரங்கத்துக்கும் 1992-ல் அது வந்தது. நடைமுறையில் தகராறு எப்போதும் ஒரே இடத்தில்தான்: உங்கள் கிணறு முன்பே அப்படித்தானே இருந்தது? அதற்குப் பதில், சுரங்கம் தொடங்குவதற்கு முன் எடுத்த ஆய்வகச் சோதனை. புதிய சுரங்கத்துக்கு விண்ணப்பம் வந்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து நாலு வாரம் அறிவிப்பு போட வேண்டும். டிரைலர் விற்பனை, தேவாலய விருந்து விளம்பரங்களுக்கு நடுவே, பொடி எழுத்தில் இருக்கும். கடைசி அறிவிப்புக்கப்புறம் ஆட்சேபிக்க 30 நாள். முதல் அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கே வீட்டுக்கு வீடு போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, ரசீதை பைபிளுக்குள் செருகி வைத்துவிடலாம்.